அத்தியாயம் 5: காசு போன வழியே தேடுவது

பதுளை கச்சேரியில் நடக்கும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம் பாராளுமன்றக் குழு அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எம்பிமார் தலைமேசையில் இருப்பார்கள், அதிகாரிகள் எழுந்து நின்று பதில் சொல்வார்கள், மறுநாள் பத்திரிகையில் படமும் வரும். அதனால் பலர் அந்தக் கூட்டத்தின் குறிப்பைப் பாராளுமன்ற இணையத்தளத்தில் தேடிக் களைத்துப்போகிறார்கள். அது மாவட்டச் செயலகத்தில் இருக்கும். பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவின் குறிப்பு உங்கள் பிரதேச செயலகத்தில் இருக்கும். ஊவா மாகாண சபையின் குழுக்களைத் தேடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: 2014 செப்டெம்பரில் தெரிவான சபையின் காலம் 2019இல் முடிந்தது. அதன்பின் ஆளுநரின் கீழ்தான் நிர்வாகம். ஆகவே 2019க்குப் பிந்திய மாகாண சபைக் குழுப் பதிவைத் தேடி நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

பாராளுமன்றக் குழுக்கள் என்று நாம் இங்கே பேசுவது கோட்டேயில், தியவன்னா ஓயாவின் நடுவே உள்ள கட்டடத்தில் கூடுபவை. அவை நிறைய உண்டு. தோட்டத்தில் இருந்து தேடுகிறவருக்கு உதவுபவை ஆறு வகைதான்.

செய்தியில் 'கோபா' என்று வருவது அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு. 1921 முதல் இருந்துவருகிறது. அமைச்சுகள், திணைக்களங்கள், மாகாண சபைகள், மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை எல்லாம் இதன் வட்டத்துக்குள் வரும். 'கோப்' என்பது அரசாங்கப் பொறுப்புமுயற்சிகள் பற்றிய குழு. 1979இல் உருவானது. கூட்டுத்தாபனங்கள், அதிகார சபைகள், பல்கலைக்கழகங்கள், அரசின் கையில் உள்ள கம்பனிகள் இதன் முன்னால் வந்து உட்கார வேண்டும். மூன்றாவது அரசாங்க நிதி பற்றிய குழு. வரி, கடன், ஒதுக்கீடு அதன் வேலை. துறைசார் மேற்பார்வைக் குழுக்கள் ஒவ்வொரு துறையையும் பார்க்கின்றன. அமைச்சுசார் ஆலோசனைக் குழுக்களில் அமைச்சரே தலைமை வகிப்பார். பொது மனுக்கள் பற்றிய குழு, எம்பி ஒருவர் மூலமாகப் போகும் தனிமனிதர் முறைப்பாடுகளை விசாரிக்கும்.

இவற்றில் எதற்குள் நம் விடயம் போயிருக்கும்? இங்கேதான் பெரும்பாலானோர் வழி தவறுகிறார்கள். மனதில் உள்ள துயரத்தின் பெயரைத் தட்டச்சு செய்கிறார்கள்: லயம், சம்பளம், மண்சரிவு, தண்ணீர். கோப்பும் கோபாவும் துயரத்தின் பெயரில் பதிவாவதில்லை. கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, அரச காசைச் செலவழித்தவரைக் கூப்பிட்டுக் கேட்பதுதான் அவற்றின் வேலை. ஆகவே தேடுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதில் யாருடைய காசு?

தோட்டக் கம்பனியை எடுத்துக்கொள்வோம். 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசிடம் போயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியத் தோட்டக் கம்பனிகளுக்குக் கைமாறியது. மண் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது. பெரும்பான்மைப் பங்கு தனியாரிடம் இருக்கும் கம்பனியின் வருடாந்தக் கணக்கைக் கணக்காய்வாளர் தலைமை அதிபதி பார்ப்பதில்லை. பார்க்காத கணக்கு கோப் மேசைக்கும் போகாது. மடுல்சீமையிலோ நமுனுகுலயிலோ உள்ள ஒருவர் தன் தோட்டக் கம்பனியின் பெயரைக் கோப் அறிக்கைகளில் தேடினால் வெறுங்கையோடு திரும்புவது இதனால்தான். ஆலோசனைக் குழுவிலோ துறைசார் குழுவிலோ அந்தப் பெயர் அடிபடலாம். அங்கே தேடலாம். ஆனால் கணக்கு வரிவரியாக வராது. இதற்கு மாறாக ஜனதா தோட்ட அபிவிருத்திச் சபையும் இலங்கை அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் இன்றும் அரசின் கையில். அவற்றின் ஊழியர் சேமலாப நிதி நிலுவைபோல ஒரு கேள்வி கோப் பதிவுகளில் நேரடியாகத் தேடக்கூடியது.

அப்படியானால் தனியார் கம்பனித் தோட்டத்தில் இருப்பவருக்கு இந்தப் பதிவுகளால் பயனே இல்லையா? இருக்கிறது. வேறு கதவால் நுழைய வேண்டும். அரச காசில் தோட்டத்தில் கட்டிய வீடு என்றால் தோட்ட வீடமைப்புக்குப் பொறுப்பான அமைச்சின் பெயரிலும், 2018ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையின் பெயரிலும் தேடுங்கள். தோட்டப் பாடசாலை மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழ் இருந்தால் ஊவா மாகாண சபையின் கணக்காய்வு அறிக்கை. தேசிய பாடசாலை என்றால் கல்வி அமைச்சு. தோட்டப் பாதைக்குப் பிரதேச சபை. ஆனால் பாதை விடயத்தில் ஆண்டைக் கவனிக்க வேண்டும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளில் சபை நிதியைச் செலவிட இடம் கொடுக்கவில்லை. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அதற்கு முந்திய பிரதேச சபை அறிக்கைகளில் தோட்டப் பாதை தென்படாவிட்டால் உங்கள் தேடலில் பிழை இல்லை. செலவே இல்லாத இடத்தில் கணக்காய்வும் இல்லை.

சம்பளமும் அண்மைவரை கம்பனி, தொழிற்சங்கம், சம்பள நிர்ணய சபை என்ற முக்கோணத்துக்குள்தான் இருந்தது. 2026 வரவுசெலவுத் திட்டம் அதை மாற்றியது. கம்பனி கொடுக்க வேண்டிய நாட்சம்பளத்தை 1,350 ரூபாயில் இருந்து 1,550 ஆக்குவதோடு, வரவுக் கொடுப்பனவாக 200 ரூபாயை அரசே தருவதற்கு 500 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. கொழுந்து பறிக்கிறவரின் சம்பளத்துக்குள் திறைசேரியின் காசு வந்துவிட்டது. அந்த 200 ரூபாய் யாருக்குப் போனது, யாருக்குப் போகவில்லை என்பது இனிமேல் கோபா கேட்கக்கூடிய கேள்வி. வரும் ஆண்டுகளில் பெருந்தோட்ட அமைச்சின் கணக்காய்வு அறிக்கை வெளிவரும்போது முதலில் புரட்ட வேண்டிய பக்கம் அதுதான் என்பது என் எண்ணம்.

ஊவாவில் கோப் வட்டத்துக்குள் நேராக விழும் நிறுவனங்களும் உண்டு. பதுளையில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் ஒன்று. மொணராகலைப் பக்கம் பெல்வத்தை, செவனகல சீனி ஆலைகளை 2011இல் அரசு கையேற்ற பிறகு நடத்தும் லங்கா சீனிக் கம்பனி இன்னொன்று. முதன்முதலாகத் தேடிப் பழகுகிறவர்கள் இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்வது நல்லது. பெயர் மாறாதது, பொறுப்பு தெளிவானது, அறிக்கை கிடைக்கும்.

தேடும் முறை

பாராளுமன்ற இணையத்தளம் மும்மொழியில் இருக்கிறது. அதன் முகம் மாறிக்கொண்டே இருப்பதால் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று இங்கே எழுதவில்லை. 'குழுக்கள்' என்ற பகுதிக்குள் ஒவ்வொரு குழுவுக்கும் தனிப் பக்கம் உண்டு, அறிக்கைகள் அங்கே சேரும் என்பது போதும். தளத்தின் தேடற்பெட்டி கைகொடுக்காவிட்டால் கூகுளின் மேம்பட்ட தேடல் பக்கத்துக்குப் போய், எந்தத் தளத்துக்குள் தேட வேண்டும் என்று கேட்கும் இடத்தில் பாராளுமன்றத் தளத்தின் முகவரியைக் கொடுங்கள். பல நேரம் இதுவே வேகமான வழி.

அறிக்கைகள் திகதியால் மட்டும் அடுக்கப்படுவதில்லை. எத்தனையாவது பாராளுமன்றம், எத்தனையாவது கூட்டத்தொடர் என்பதே அவற்றின் முகவரி. எட்டாவது பாராளுமன்றம் 2015 செப்டெம்பரில் இருந்து 2020 மார்ச் வரை. ஒன்பதாவது 2020 ஓகஸ்டில் இருந்து 2024 செப்டெம்பர் வரை. பத்தாவது 2024 நவம்பரில் தொடங்கியது. ஒத்திவைப்பு வந்தால் கூட்டத்தொடர் முடியும், கோப்பும் கோபாவும் கலைந்து மீண்டும் நியமிக்கப்படும். 2021 டிசம்பரில் அப்படி நடந்தது. ஒரு குழு தொடங்கிய விசாரணை நடுவில் அறுந்து, அடுத்த கூட்டத்தொடரில் வேறு தலைப்பில் தலைகாட்டுவதும் உண்டு. ஒரு கூட்டத்தொடரில் கிடைக்காததை அடுத்ததில் பாருங்கள்.

இன்னொரு சிக்கல் ஆண்டு. 2025இல் கூடிய குழு 2022, 2023 கணக்குகளை ஆராய்ந்திருக்கும். கணக்காண்டு ஒன்று, கூட்டம் நடந்த ஆண்டு ஒன்று, அறிக்கை சபையில் சமர்ப்பிக்கப்பட்ட ஆண்டு ஒன்று. மூன்றையும் தனித்தனியே தாளில் குறித்துக்கொண்டு தேடுங்கள்.

மொழிக்கு வருவோம். சபைப் பேச்சுகளின் பதிவான ஹன்சாட்டில் ஒவ்வொருவரும் பேசிய மொழியிலேயே பேச்சு அச்சாகும். சிங்களத்தில் பேசிய அமைச்சரின் பதில் சிங்களத்தில்தான் இருக்கும். அதைத் தமிழில் எத்தனை முறை தட்டினாலும் வராது. குழுவுக்குள் அதிகாரிகளோடு நடக்கும் உரையாடலும் பெரும்பாலும் சிங்களம்தான். ஆகவே ஊர்ப்பெயரையும் நிறுவனப்பெயரையும் சிங்களத்தில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை தேடுங்கள். தமிழிலும் ஒரே எழுத்து போதாது. அப்புத்தளை, ஹப்புத்தளை. பசறை, பஸ்ஸறை. ஹல்துமுல்லை, ஹல்துமுல்ல. தோட்டத்துக்கு நாம் வழக்கத்தில் சொல்லும் பெயரை விட்டுவிட்டுப் பதிவுப் பெயரைப் போடுங்கள். சிங்களம் வாசிக்க வராதவர்கள் பாடசாலையில் இரண்டாம் மொழியாகப் படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளலாம். அந்தப் பிள்ளைக்கும் நல்ல பயிற்சி.

பழைய தமிழ் பிடிஎப் கோப்புகளில் ஒரு கண்ணி இருக்கிறது. கண்ணுக்குத் தமிழ் எழுத்தாகத் தெரியும், தேடினால் ஒன்றும் அகப்படாது. ஒரு சொல்லை நகலெடுத்துக் கைபேசியின் குறிப்புப் பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறி விழுந்தால் அது யுனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் செய்த கோப்பு. அதில் தேடல் வேலை செய்யாது. உள்ளடக்கப் பக்கத்தைப் பார்த்துக் கையால் புரட்டுவதுதான் வழி. அல்லது அதே அறிக்கையின் ஆங்கிலப் பிரதியில் இடத்தைக் கண்டுபிடித்து, தமிழ்ப் பிரதியில் அதே பந்தி இலக்கத்துக்குப் போகலாம்.

ஓர் உதாரணம்: உமா ஓயா

இந்தத் திட்டத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், தேடலின் எல்லாத் தொல்லையும் இதில் இருக்கிறது. ஈரானிய நிறுவனமான ஃபராப்புக்குக் கொடுக்கப்பட்ட, 120 மெகாவாட் மின்சாரமும் தெற்குக்கு நீரும் தரும் பல்நோக்குத் திட்டம் இது. 2014 இறுதியில் சுரங்கத்துக்குள் நீர் பெருக்கெடுத்தது. பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீடுகளில் வெடிப்பு விழுந்தது. 2017 ஜூனில் பண்டாரவளை நகரே கடையடைத்துத் தெருவுக்கு வந்தது. 2024 ஏப்ரல் 24ஆம் திகதி ஈரான் ஜனாதிபதி இப்ராஹிம் ரைசி வந்து திறந்துவைத்தார்.

இதை 'உமா ஓயா' என்று மட்டும் தேடினால் திறப்புவிழாச் செய்திகளே குவியும். காசு வழியே போங்கள். செலவழித்தது எந்த அமைச்சு? தொடக்கத்தில் நீர்ப்பாசன அமைச்சு. 2015க்குப் பின் மகாவலி அபிவிருத்தி, சுற்றாடல் அமைச்சு. பிறகு மீண்டும் நீர்ப்பாசனம். ஒவ்வொரு காலத்துக்கும் அந்தந்த அமைச்சின் பெயரோடு சேர்த்துத் தேடினால்தான் கணக்காய்வும் குழுக்குறிப்பும் மேலே வரும். திட்டத்தின் முழுப்பெயரையும் போடுங்கள்: உமா ஓயா பல்நோக்கு அபிவிருத்தித் திட்டம். வெளிநாட்டு நிதியில் நடந்த திட்டங்களுக்கு அமைச்சின் கணக்கோடு சேராத தனி நிதிக்கூற்றும், அதன் மேல் தனிக் கணக்காய்வு அறிக்கையும் இருக்கும். அது தேசிய கணக்காய்வு அலுவலகத்தின் தளத்தில். பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுத்த நட்டஈட்டுத் தொகை இப்படியான அறிக்கைகளில்தான் ஒரு வரியாக ஒளிந்திருக்கும்.

மீரியபெத்தை இதற்கு எதிர்ப்பக்கம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தைக்கு அருகே மண் இறங்கி லயங்களை மூடியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்தானது என்று எச்சரித்திருந்தது. தோட்டத்தை நடத்தியது தனியார் கம்பனி, எச்சரித்தது அரச நிறுவனம், ஆட்களை அப்புறப்படுத்தும் பொறுப்பு யாருடையது என்பதில் இழுபறி. கம்பனியின் பெயரில் தேடினால் ஒன்றுமில்லை. அனர்த்த முகாமைத்துவ அமைச்சின் பெயரிலும் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பெயரிலும், 2014 நவம்பர் ஹன்சாட்டிலும் தேட வேண்டும். 2023 மார்ச்சில் பூனாகலையில் நடந்த மண்சரிவுக்கும், 2025 நவம்பரில் டித்வா புயலோடு மாவட்டம் முழுக்க நடந்ததற்கும் இதே வழிதான். நிவாரணத்துக்கு இறங்கிய அரச காசு பெரியது. அதன் கணக்காய்வு வரும், குழுவுக்கும் போகும்.

வாசிக்கும் முறை

கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கையில் இருப்பது எது என்று முதலில் பாருங்கள். பாராளுமன்றத் தொடர்பாடல் திணைக்களத்தின் செய்திக்குறிப்பா, குழுவின் அறிக்கையா? செய்திக்குறிப்பு கூட்டம் நடந்து ஓரிரு நாளில் வரும். அதில் தலைவர் சொன்னது பெரிதாகவும் அதிகாரி சொன்ன பதில் சிறிதாகவும் இருக்கும். ஆலோசனைக் குழுக்களைப் பொறுத்தவரை நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்தக் குறிப்பு மட்டும்தான். கோப், கோபா கூட்டங்கள் 2019 முதல் ஊடகங்களுக்குத் திறந்துவிடப்பட்டதால் அவற்றின் காணொளியும் தேடினால் கிடைக்கும். மூன்று மணி நேரம் பார்க்கப் பொறுமை இருந்தால் அறிக்கையில் வராதது நிறைய அதில் இருக்கிறது. கேள்வி கேட்டதும் அதிகாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது எந்த அறிக்கையிலும் அச்சாகாது.

கணக்காய்வு அறிக்கையைக் குழு அறிக்கைக்கு முன்பே வாசித்துவிடுங்கள். அது பெரும்பாலும் மூன்று பத்தியாக ஓடும்: கணக்காய்வு அவதானிப்பு, முகாமைத்துவத்தின் பதில், பரிந்துரை. நடுப்பத்தியை விடாதீர்கள். 'எதிர்காலத்தில் திருத்திக்கொள்ளப்படும்' என்ற பதில் மூன்று வருட அறிக்கையிலும் அதேபோல் இருந்தால் அங்கே உங்களுக்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது.

குழு அறிக்கையில் வினைச்சொற்களைக் கோடிட்டு வாசியுங்கள். 'கவனம் செலுத்தப்பட்டது', 'விரிவாகக் கலந்துரையாடப்பட்டது' என்று முடியும் வரிகளில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. 'ஒரு மாதத்துக்குள் அறிக்கை சமர்ப்பிக்குமாறு செயலாளருக்குப் பணிக்கப்பட்டது' என்ற வரியில் ஆள் இருக்கிறார், வேலை இருக்கிறது, தவணை இருக்கிறது. அந்த வரிகளை மட்டும் கொப்பியில் எழுதுங்கள். குழுவால் யாரையும் தண்டிக்க முடியாது, பரிந்துரைக்கத்தான் முடியும். 'கோப் பிடித்தது' என்று பத்திரிகையில் தலைப்பு வந்தவுடன் சங்கத்துக் கூட்டத்தில் அதைத் தீர்ப்புப்போல வாசிப்பது சரியல்ல.

அடிக்குறிப்பையும் வாசியுங்கள். 2015 பெப்ரவரி மத்திய வங்கிப் பிணைமுறி விற்பனை பற்றிய கோப் அறிக்கை 2016 ஒக்டோபரில் சபைக்கு வந்தபோது, குழுவில் இருந்த ஐக்கிய தேசியக் கட்சி உறுப்பினர்களின் மாற்றுக்கருத்து அடிக்குறிப்புகளாக உள்ளே இருந்தது. மேலே ஒரு முடிவு, கீழே அதை மறுக்கும் சிறிய எழுத்து. 'அடிக்குறிப்புக் கும்பல்' என்று அவர்களுக்குப் பட்டப்பெயரே விழுந்தது. உடன்படாதவர் யார் என்பது பல வேளை அறிக்கையின் சாரத்தைவிட அதிகம் சொல்லும்.

அறிக்கையோடு நின்றுவிடக் கூடாது. நிலையியற் கட்டளைகளின்படி, அறிக்கை சபைக்கு வந்து எட்டு வாரத்துக்குள் சம்பந்தப்பட்ட அமைச்சர் தன் அவதானிப்புகளையும் எடுத்த நடவடிக்கைகளையும் சபையில் சமர்ப்பிக்க வேண்டும். இதைத் தேடுகிறவர்கள் மிகக் குறைவு. ஹன்சாட்டில், அன்றைய நாளின் தொடக்கத்தில், பத்திரங்கள் சமர்ப்பிக்கும் பகுதியில் ஓரிரு வரியாக அது போய்விடும்.

பிரதேச சபைக்கும் மாநகர சபைக்கும் இன்னொரு ஆவணம் உண்டு. 2015 நிதியாண்டில் இருந்து கோபா 800க்கும் மேற்பட்ட அரச நிறுவனங்களைக் கணினி வழிக் கேள்விக்கொத்தால் மதிப்பிட்டு வரிசைப்படுத்தியது. பதுளை, பண்டாரவளை போன்ற சபைகளின் பெயர்களை அந்தப் பட்டியல்களில் பார்க்கலாம். நிறுவனமே நிரப்பிக் கொடுத்த பதில்கள் அவை என்பதை மறக்காமல் வாசியுங்கள். கணக்காய்வு அறிக்கையோடு ஒப்பிட்டால்தான் அதற்குப் பெறுமதி.

கிடைக்காதபோது

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. குழுவின் குறிப்பைப் பாராளுமன்றத்திடமே கேட்கலாம். ஆனால் பாராளுமன்றச் சிறப்புரிமை அந்தச் சட்டத்திலேயே விதிவிலக்காக இருப்பதால் இழுபடக்கூடும். அதைவிட நேரான வழி, கூப்பிடப்பட்ட நிறுவனத்திடம் கேட்பது. குழு கொடுத்த பணிப்பும், நிறுவனம் அனுப்பிய பதிலும் அவர்களுடைய கோப்பிலேயே கிடக்கின்றன. இப்படி எழுதலாம்:

'அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு (இன்ன) ஆம் ஆண்டில் உங்கள் நிறுவனத்துக்கு வழங்கிய பணிப்புரைகளின் பிரதியும், அவை தொடர்பாக நீங்கள் சமர்ப்பித்த முன்னேற்ற அறிக்கைகளின் பிரதியும் தேவை. தமிழில் இருந்தால் தமிழில் தரவும்.'

ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் எழுத வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. கேட்டாலும் சொல்ல வேண்டாம். 'என்ன ஊழல் நடந்தது' என்று எழுதாதீர்கள். அப்படியொரு ஆவணம் எந்த அலுவலகத்திலும் இல்லை. ஆவணத்தின் பெயர், ஆண்டு, குழு, இவ்வளவும் போதும். தகவல் அலுவலருக்கு 14 வேலை நாள். பதில் வராவிட்டால், அல்லது மறுத்தால், குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாளுக்குள் மேன்முறையீடு. அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழு. கையில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டை வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். பசறையில் இருந்தோ லுணுகலையில் இருந்தோ பதுளைக்கு வர ஒருநாள் சம்பளம் போகும் என்றால் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, தபால் சீட்டையும் விண்ணப்பத்தின் போட்டோ கொப்பியையும் ஒன்றாகக் குத்திவையுங்கள். 14 வேலை நாளை எண்ணத் தொடங்க வேண்டியது அவர்களுக்குக் கிடைத்த நாளில் இருந்து. போயா தினத்தையும் சனி ஞாயிறையும் கழித்து எண்ணுங்கள்.